வட்டமா, செவ்வகமா: பேக்யார்டு ட்ராம்போலின் எதை வாங்குவது?

டெக்சஸில், டல்லஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் புதிதாக வீடு வாங்கிய ஒரு குடும்பத்தின் கேள்வி இது. பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 5. பெண் ஒரு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள். வீட்டுக்குப் பின்னால் 26 அடிக்கு 45 அடி புல்தரை. செவ்வக ட்ராம்போலின்தான் (இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய, குதிக்கிற மேட்) வாங்க வேண்டும் என்கிறார் கணவர். 14 அடி வட்டம் போதும் என்கிறார் மனைவி. இரண்டுக்கும் விலையில் மூன்று மடங்கு வித்தியாசம். யார் சொல்வது சரி?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வட்டம். ஆனால் 14 அடி வேண்டாம், 12 அடி போதும். அதையும் பையனுக்கு 6 வயது முடிந்த பிறகு வாங்குங்கள். கணவர் சொல்வதும் தப்பில்லை. மூன்று நான்கு வருடம் முன்னாலேயே சொல்கிறார், அவ்வளவுதான்.

நான் பதின்மூன்று வருடமாக இதே பக்கம்தான் இருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல். முதலில் ஒரு 14 அடி வட்டம் வைத்திருந்தேன், இப்போது பழையதாக வாங்கிய செவ்வகம் ஒன்று இருக்கிறது. நண்பர்கள் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு ட்ராம்போலின் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி வந்து இறங்கியதும் எனக்குத்தான் போன் வரும்.

வடிவத்தால் என்ன மாறுகிறது என்பதற்கு ஊரில் இருக்கும் கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் அதில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் நடுவில் சரிந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டிருப்பார்கள். வட்ட ட்ராம்போலினில் நடப்பது இதுதான். எல்லா ஸ்பிரிங்கும் மையத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. நடுவில் குதித்தால் எல்லாம் ஒரே அளவில் நீண்டு, நேராக மேலே தூக்கிப் போடும். ஓரமாகக் குதித்தால் மேட் சாய்ந்துகொள்ளும், அந்தச் சாய்வு உங்களை நடுவுக்கே திருப்பி அனுப்பும். ஒருவர் மட்டும் குதிக்கும்போது இது நல்ல குணம். விளிம்புப் பக்கம் போனவரை உள்ளே இழுத்துவிடுகிறது. இரண்டு பேர் குதிக்கும்போது இதே குணம் இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் மோதவிடும். "வட்டம் பாதுகாப்பானது" என்று கடையில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை.

செவ்வகத்தில் நீங்கள் எங்கே குதிக்கிறீர்களோ, அதற்குப் பக்கத்தில் இருக்கும் நீள்பக்கத்து ஸ்பிரிங்குகள்தான் பெரும்பாலான சுமையை எடுத்துக்கொள்ளும். அதனால் நீளவாக்கில் ஓரளவு தூரத்துக்குத் துள்ளல் ஒரே மாதிரி இருக்கும். இந்தக் கோடியில் ஒரு குட்டிக்கரணம், அடுத்த குதியில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று என்று வரிசையாகச் செய்யலாம், நடுவுக்கு இழுக்காது. ஒலிம்பிக்கில் செவ்வகம் பயன்படுத்துவது இதனால்தான். 2000-இல் சிட்னியில் ட்ராம்போலின் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அந்த மேட்டின் அளவு 4.28 மீட்டருக்கு 2.14 மீட்டர், அதாவது ஏறத்தாழ 14 அடிக்கு 7 அடி. ட்ராம்போலின் பிறந்ததே செவ்வகமாகத்தான். 1930-களின் நடுவில் அயோவாவில் ஜார்ஜ் நிஸ்ஸனும் லாரி கிரிஸ்வோல்டும் இரும்புச் சட்டத்தில் கேன்வாஸைக் கட்டி, டயர் டியூப் ரப்பரையே ஸ்பிரிங்காக வைத்து முதல் ட்ராம்போலினைச் செய்தார்கள்.

அப்படியானால் வீடுகளில் ஏன் எங்கு பார்த்தாலும் வட்டம்? காரணம் ஃபிரேம். உறைகிணறு பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் மண் சமமாக நெருக்குவதால் மெல்லிய உறையே தாங்கிக்கொள்கிறது. வட்ட ஃபிரேமையும் ஸ்பிரிங்குகள் சுற்றிலும் சமமாக உள்ளே இழுக்கின்றன. வளையம் அதை நெருக்குதலாக வாங்கிக்கொள்ளும், வளையாது. அதனால் மெல்லிய குழாய் போதும். செவ்வகத்தின் நீள்பக்கமோ ஒரு உத்தரம் மாதிரி. அத்தனை ஸ்பிரிங்கும் உள்ளே இழுத்தால் நடுவில் வில்லாக வளையப் பார்க்கும். வளையாமல் இருக்க வேண்டுமென்றால் தடித்த, கனமான குழாய் வேண்டும். இரும்பு கூடினால் விலையும் கூடும். பெரிய கடைகளில் 12, 14 அடி வட்டம் 300 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். உருப்படியான செவ்வகத்துக்கு ஆயிரத்துக்கு மேல்தான், இரண்டாயிரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. 500 டாலருக்குச் செவ்வகம் என்று ஒன்று கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். இரும்பில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள். அப்படி ஒன்றை நண்பர் வீட்டில் நானே மாட்டினேன். கடைசி ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு நீள்பக்கமும் இடுப்பைச் சுருக்கிக்கொண்டு நிற்கின்றன.

செவ்வகம் உயரமாகத் தூக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வடிவம் மட்டும் காரணமில்லை. கனமான ஃபிரேம் இருப்பதால் நீளமான, விறைப்பான ஸ்பிரிங்குகளைப் போட முடிகிறது. அந்த விறைப்பு உங்கள் பையனுக்கு உதவாது. 40 பவுண்டுப் பிள்ளை அதில் குதித்தால் மேட் அமுங்கவே யோசிக்கும். அப்பா ஏறினால் ஜோராகத் தூக்கும். வட்டத்தின் மெத்தென்ற துள்ளல் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

இனி இடத்தைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ட்ராம்போலினைச் சுற்றி ஆறரை அடியாவது காலியாக இருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொள்வேன். வேலி, ஏ.சி. கம்ப்ரஸர், பேட்டியோவின் கான்கிரீட் விளிம்பு, எதுவும் அதற்குள் வரக் கூடாது. மேலே மரக்கிளையோ மின்கம்பியோ இல்லாமல், தரையிலிருந்து 24 அடி திறந்திருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 14 அடி வட்டத்துக்கு இரு பக்கமும் ஆறரை சேர்த்தால் 27 அடி. உங்களிடம் 26தான் இருக்கிறது. 12 அடி வட்டம் என்றால் 25, சரியாக உட்காரும். 9 அடிக்கு 14 அடி செவ்வகத்துக்கு 22 அடி அகலமும் 27 அடி நீளமும் போதும். 45 அடி நீளத்தில் அதை வைத்துவிட்டு மீதியில் கிரிக்கெட்டே ஆடலாம். குறுகலான கொல்லைக்குச் செவ்வகம்தான் பொருத்தம். இடம் மட்டும்தான் கவலை என்றால் நானும் செவ்வகம்தான் சொல்லியிருப்பேன்.

இடத்தை விடப் பெரிய கவலை, யார் குதிக்கப் போகிறார்கள் என்பது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-இல் வெளியிட்ட அறிக்கையைப் பெற்றோர் ஒருமுறையாவது படிப்பது நல்லது. வீட்டில் பொழுதுபோக்குக்கு ட்ராம்போலினே வேண்டாம் என்பதுதான் அவர்கள் நிலை. ட்ராம்போலின் காயங்களில் சுமார் முக்கால்வாசி, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போது நேர்பவை என்கிறார்கள். அப்படிக் குதிக்கும்போது எடை குறைந்த பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு, எடை கூடியவரைவிட 14 மடங்கு வரை அதிகம். வலை கட்டியதால் காயங்கள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்றும் சொல்கிறார்கள். வலை வெளியே விழுவதைத் தடுக்கும். மேட்டின் மேலேயே நடக்கும் விபத்துக்கு வலை என்ன செய்யும்?

அது எப்படி நடக்கிறது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பிறந்தநாள் விழா. 11 வயதுப் பையன் ஒருவனும் என் உறவுக்காரக் குழந்தை ஒன்றும், நாலரை வயது, மேட்டில் இருந்தார்கள். இருவரும் மோதவில்லை, யாரும் கீழே விழவில்லை, குட்டிக்கரணம் எதுவும் போடவில்லை. பெரியவன் குதித்து இறங்கினான், மேட் அமுங்கி மேலே வந்துகொண்டிருந்தது. அதே கணத்தில் சின்னவன் நேராகக் காலை ஊன்றி இறங்கினான். கீழே போய்க்கொண்டிருக்கும் மேட் மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும், மேலே வந்துகொண்டிருக்கும் மேட் சிமெண்ட் தரை மாதிரி அடிக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே எலும்பில் விரிசல். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் முறிவு இது, இதற்கு ட்ராம்போலின் முறிவு என்றே பெயர் இருக்கிறது. குழந்தை அழுதபோது பயந்துவிட்டான் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலையில் அவன் காலை ஊன்ற மறுத்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இதை வைத்து உங்கள் வீட்டைப் பாருங்கள். அக்கா, தம்பி, நான்கு வயது வித்தியாசம். கணவர் கேட்கும் செவ்வகத்தில் அக்கா குதித்தால் மேட் இன்னும் வேகமாக எழும்பும். தம்பி பக்கத்தில் நின்றாலே போதும், அவனைத் தூக்கி வீசிவிடும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று ட்ராம்போலின் பெட்டியோடு வரும் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். ஒரு வருடம் காத்திருங்கள் என்று நான் சொன்னது இதனால்தான். காத்திருக்க முடியாது, பெண் தினமும் கேட்கிறாள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஏணியை மாட்டாதீர்கள். அவள் எம்பி ஏறிவிடுவாள், தம்பியால் முடியாது. காசு செலவில்லாத பூட்டு அது.

14 அடி வேண்டாம் என்பதற்கும் இடப் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. பெரிய மேட் கூட்டத்தைக் கூப்பிடும். 14 அடி வட்டத்தைப் பார்த்தால் நான்கு பேர் தாராளமாகக் குதிக்கலாம் என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும், பெரியவர்களுக்கும் தோன்றும். வார இறுதியில் சித்தப்பா பிள்ளைகள் வந்தால் "ஒவ்வொருத்தரா போங்கடா" என்று எத்தனை முறை கத்துவீர்கள்? எங்கள் வீட்டில் கத்திப் பார்த்துவிட்டு, இட்லி வேகவைக்க வைத்திருந்த கிச்சன் டைமரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் இறங்க வேண்டும், அடுத்தவர் ஏற வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் விநாடி எண்ணிக்கொண்டிருப்பார்கள், எனக்குப் போலீஸ் வேலை மிச்சம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் விஷயம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில் அதிசயம் இல்லை. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆல்ரவுண்ட் (எல்லாக் கருவிகளையும் சேர்த்த போட்டி) தங்கம் வாங்கிய கார்லி பேட்டர்சனும் நாஸ்டியா லியுகினும் பக்கத்து ஊரான பிளேனோவில் பயிற்சி எடுத்தவர்கள். ஆனால் உங்கள் பெண்ணின் கோச்சிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆரம்ப நிலைப் பிள்ளைகள் வீட்டு ட்ராம்போலினில் பல்டி அடிப்பதைப் பெரும்பாலான கோச்சுகள் விரும்புவதில்லை. தப்பாகப் பழகினால் அதைத் திருத்த இரண்டு மடங்கு நேரம் ஆகும், கழுத்து மடங்கி விழுந்தால் பிடிக்க ஆளும் இருக்காது. நேராகக் குதிப்பது, முழங்காலைக் கட்டிக் குதிப்பது, அரைச் சுற்று திரும்புவது எல்லாவற்றுக்கும் 12 அடி வட்டமே போதும். இன்னும் மூன்று வருடம் கழித்து, கோச்சே "வீட்டில் பழகலாம்" என்றால் அப்போது செவ்வகம் வாங்குங்கள். என் மகளுக்கு 12 வயதில்தான் வாங்கினேன், அதுவும் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து பாதி விலையில்.

பழையது வாங்குவதென்றால் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். தளர்வாக இருக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஃபிரேமில் கால் வந்து சேரும் வெல்டிங் பக்கத்தில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வலையையும் மேல் உறையையும் எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். டெக்சஸ் வெயில் அவற்றை விட்டுவைக்காது. என் முதல் ட்ராம்போலினின் வலை மூன்றாவது கோடையில், விரலால் தேய்த்தாலே மாவு மாதிரி உதிர்ந்தது. பார்க்க வலை மாதிரிதான் நின்றது, ஒரு பிள்ளை சாய்ந்திருந்தால் கிழிந்திருக்கும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஜூலை மத்தியானத்தில் அந்தக் கறுப்பு மேட் தோசைக்கல். தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும், ஆனால் வழுக்கும். சாயங்காலம்தான் குதிக்க முடியும். கொசு வரும். வேறு வழியில்லை.

நம் மண்ணும் காற்றும் கொஞ்சம் விசேஷமானவை. டல்லஸ் சுற்றுவட்டாரத்தில் இருப்பது கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழையில் பொதபொதவென்று ஊதும், வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். இன்று மட்டம் பார்த்து வைத்த ட்ராம்போலின் ஆறு மாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வட்டமோ செவ்வகமோ, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிமெண்ட் பலகையைப் போட்டு வையுங்கள், பருவம் மாறும்போது மட்டம் பாருங்கள். செவ்வகம் கொஞ்சம் சாய்ந்தாலும் குதிப்பவர் ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போவார், அது எனக்கு அனுபவம். பள்ளம் தோண்டித் தரைமட்டத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால் இந்த மண்ணில் அதை மறந்துவிடுங்கள். தண்ணீர் வடியாது, குளமாகிவிடும்.

காற்றுக்கு வருவோம். நான்கு வருடம் நன்றாக நின்ற என் 14 அடி வட்டம், ஒரு மே மாத ராத்திரிப் புயலில் வலையோடு எழும்பி, பக்கத்து வீட்டு வேலியில் மூன்று பலகைகளை உடைத்து, அவர்கள் கொல்லையில் தலைகீழாகக் கிடந்தது. காலையில் கையில் காபியோடு ஜன்னலைத் திறந்தால் எங்கள் புல்லில் ஒரு மஞ்சள் வட்டம் மட்டும்தான் இருந்தது. வலை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், ஃபிரேம் லேசு, பறக்காமல் என்ன செய்யும்? செவ்வகம் கனமாக இருப்பதால் அவ்வளவு சுலபத்தில் கிளம்பாது, ஆனால் அதற்கும் கட்டு வேண்டும். மண்ணுக்குள் திருகி இறக்கும் ஆங்கர்கள் நான்கு போடுங்கள். கரிசல் ஈரமாக இருக்கும்போது அவை நன்றாகப் பிடிக்கும், கோடையில் மண் வெடித்தால் தளர்ந்துவிடும். ஆகஸ்டில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறக்குவதற்கு முன்னால் 811-ஐக் கூப்பிட்டால் கேஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று வந்து குறித்துவிட்டுப் போவார்கள். ஸ்பிரிங்க்ளர் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதை நீங்கள்தான் தேட வேண்டும். நான் தேடாமல் இறக்கி, ஒரு சனிக்கிழமை முழுக்கச் சேற்றில் உட்கார்ந்து குழாய் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு போன். ஒன்று வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு. சில பாலிசிகள் ட்ராம்போலினைக் கண்டுகொள்வதில்லை, சிலவற்றில் வலை இருந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள், சிலவற்றில் ட்ராம்போலினால் வரும் எந்த இழப்பீடும் கிடையாது என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கையை உடைத்துக்கொண்ட பிறகு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. இரண்டாவது எச்.ஓ.ஏ.வுக்கு, அதாவது உங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு. வேலிக்கு மேல் வலை தெரியக் கூடாது என்று சில இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள்.

நீள்வட்டம், சதுரம், ஸ்பிரிங்குக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பிகள் வைத்தது என்று வேறு வகைகளும் உண்டு. கம்பி வைத்தது நியூசிலாந்தில் உருவானது. கம்பிகள் மேட்டுக்குக் கீழே இருப்பதால் விளிம்பில் கால் மாட்டிக்கொள்ளாது. பணம் ஒரு பிரச்சினை இல்லை என்றால் அதைப் பாருங்கள். நீள்வட்டம் இரண்டுக்கும் நடுவாந்திரம், எனக்கு அதில் தனிப் பிரியம் எதுவும் இல்லை.

மாட்டும்போது ஸ்பிரிங்குகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகாதீர்கள், பாதியில் மேட் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் எட்டாது. கார் டயருக்கு நட்டு முடுக்குகிற மாதிரி எதிரெதிராகப் போடுங்கள். கடிகாரத்தில் 12, அப்புறம் 6, அப்புறம் 3, 9, பிறகு நடுவில் உள்ளவை. செவ்வகம் என்றால் நான்கு மூலை, நான்கு பக்கத்தின் நடு, அங்கிருந்து தொடங்குங்கள். கடைசி எட்டு ஸ்பிரிங்தான் ஆளைக் கொல்லும். அதற்கென்று டி வடிவத்தில் ஒரு கொக்கி பெட்டிக்குள் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். அட்டையைக் குப்பையில் போடுவதற்கு முன் அதைத் தேடி எடுத்து வையுங்கள். தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் கையுறை இல்லாமல் மாட்டிய முதல் ட்ராம்போலினின் தழும்பு இன்னும் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.